குறைந்த பட்ஜெட்டில் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள நல்ல மலைச் சைக்கிளை ஒரு லட்ச ரூபாய்க்குள், நம் பக்கம் இருந்துகொண்டே வாங்க முடியுமா? முடியும். வழி சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. உள்ளூர்க் கடையில் கேட்டால் ‘டபுள் ஷாக்’ என்று பதினைந்தாயிரம் ரூபாய் வண்டியைக் காட்டுவார்கள். இணையத்தில் தேடினால் மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று விலை வரும். நடுவில் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அடுத்தவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே வரும் விலைகள் எல்லாம் தோராயமானவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். பணம் எடுப்பதற்கு முன் ஃபோனில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எந்தத் தடத்தில் ஓட்டப் போகிறீர்கள்?

கே.ஆர்.பி. அணை வாய்க்கால் கரை, ஏரிக்கரை, மாந்தோப்பு வழிகள், ராகிக் காட்டு மண்பாதை. இவைதான் உங்கள் தினசரி ஓட்டம் என்றால் பின் சஸ்பென்ஷன் தேவையே இல்லை. முன்னால் மட்டும் ஷாக் உள்ள ஹார்ட்டெயில் வண்டி போதும். எடை குறைவு, செலவு குறைவு, மிதிப்பதும் சுலபம்.

உருண்டைக் கற்கள் கிடக்கும் கரடுகள், வத்தல்மலை, சித்தேரி பக்கத்து மேடுபள்ளப் பாதைகள், மழை அரித்த ஆட்டுத்தடம் வழியாக இறங்குவது என்றால் கணக்கு மாறும். பின்னாலும் சஸ்பென்ஷன் இருந்தால் பின்சக்கரம் கல்லில் மோதித் துள்ளாமல் தரையிலேயே ஒட்டி ஓடும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் டயர் மண்ணைக் கவ்வும். இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் இடுப்பு விட்டுப்போகாது. இந்த மூன்றும் வேண்டும் என்பவர்கள்தான் ஃபுல் சஸ்பென்ஷனுக்குச் செலவு செய்ய வேண்டும்.

சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அமுங்கும் என்பதை ‘டிராவல்’ என்கிறார்கள். நம் பாறைகளுக்கு 120 முதல் 130 மி.மீ. தாராளம். 160, 170 மி.மீ. வண்டிகள் பெரிய குதிப்புகளுக்கும் செங்குத்தான மலை இறக்கங்களுக்கும் செய்தவை. இங்கே ஏற்றத்தில் அதன் எடையை நீங்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்.

இன்னொன்று. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் காப்புக்காட்டுக்குள்ளும் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்துக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். யானை நடமாட்டம் உள்ள இடம் அது. காட்டை ஒட்டிய ஊர்ச் சாலையாக இருந்தாலும் விடியலிலும் அந்தியிலும் தவிர்த்துவிடுங்கள். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டைக் கோட்டைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, அங்கே சைக்கிள் ஏற்றும் எண்ணமே வேண்டாம். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓட்டுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

2. பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்குக் கொடுக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கை முதல் சர்வீசுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குள்தான் தேட வேண்டும். ஒரு லட்சம் இருந்தால் 80,000 ரூபாய் வண்டி. அந்த 20,000 எங்கே போகும் என்று பாருங்கள்:

- பின் ஷாக் முழு சர்வீஸ்: 5,000 முதல் 8,000 வரை
- முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) கீழ்ப்பகுதி சர்வீஸ்: 2,000 முதல் 3,000 வரை
- பிவட் (ஃப்ரேமின் பின்பகுதி அசையும் மூட்டு) பேரிங்குகள்: 2,000 முதல் 3,000 வரை
- செயின், பிரேக் பேட்: 3,000 முதல் 4,000 வரை
- ஷாக் பம்ப் (ஷாக்கில் காற்று ஏற்றுவதற்கு): 1,500 முதல் 3,000 வரை
- டியூப்லெஸ் சீலன்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்), வால்வு, டேப்: 2,000 அளவில்

எல்லாம் ஒரே நேரத்தில் வராமல் போகலாம். ஆனால் செகண்ட் ஹேண்ட் வண்டியில் பாதியாவது முதல் இரண்டு மாதத்துக்குள் வந்தே தீரும்.

கையில் உள்ள தொகைக்கு என்ன கிடைக்கும்?

60,000-க்குக் கீழே என்றால் ஃபுல் சஸ்பென்ஷனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். காற்று ஃபோர்க் (ஸ்ப்ரிங்குக்குப் பதில் காற்றில் இயங்குவது), ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள நல்ல ஹார்ட்டெயில் வாங்குங்கள். அதே விலைக்கு வரும் ஃபுல் சஸ்பென்ஷனை விட அது பாதுகாப்பானது, வேகமானது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

60,000 முதல் 1,20,000 வரை என்றால் செகண்ட் ஹேண்ட் சந்தைதான். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்காக.

ஒன்றரை லட்சத்துக்கு மேல் போக முடிந்தால் புதிய வண்டி பார்க்கலாம். ஜயன்ட் ஸ்டான்ஸ், பாலிகன் சிஸ்கியூ, மரின் ரிஃப்ட் சோன் போன்றவை தொடக்க நிலை ஃபுல் சஸ்பென்ஷன் வரிசைகள். எந்த வரிசை எப்போது இந்தியாவில் ஸ்டாக் இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பெங்களூருக் கடைகளில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் இதைச் சொல்லுங்கள். இ.எம்.ஐ. எடுத்தால் வட்டி இல்லை என்று போட்டிருந்தாலும் பிராசசிங் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். மொத்தமாக எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கூட்டிப் பாருங்கள்.

3. ‘டபுள் ஷாக்’ வண்டியைத் தவிருங்கள்

பதினைந்தாயிரம், இருபதாயிரத்துக்குக் கிடைக்கும் டபுள் ஷாக் சைக்கிளில் பின்னால் இருப்பது ஒரு சுருள் ஸ்ப்ரிங் மட்டுமே. ஸ்ப்ரிங்கை அமுக்கினால் அது திரும்பி வரும் வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே எண்ணெய் டேம்பர் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டி உங்களைத் தூக்கி அடிக்கும். கடையிலேயே சோதிக்கலாம். சீட்டில் கை வைத்து அழுத்தி, சட்டென்று விடுங்கள். மேலும் கீழும் ஆடினால் டேம்பர் இல்லை என்று அர்த்தம்.

வேறு அடையாளங்கள்: ஷாக்கில் தயாரிப்பாளர் பெயர் இருக்காது, ரீபவுண்டை, அதாவது ஷாக் திரும்பி வரும் வேகத்தை, மாற்றும் குமிழ் இருக்காது (நல்ல ஷாக்குகளில் அது பெரும்பாலும் சிவப்பு நிறம்), பின் சக்கரத்தில் நட்டுப் போட்டு முறுக்கிய ஆக்சில் (சக்கர அச்சு), திருகி மாட்டும் ஏழு பற்சக்கர ஃப்ரீவீல், பிவட்டில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் (உருளை வளையம்). எடை 18 கிலோவைத் தொடும். இதில் சாலையில் போகலாம், கரட்டில் இறங்கக் கூடாது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டாலும் அதே பணத்துக்கு ஷாக்கே இல்லாத நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

4. போய்ப் பார்ப்பதற்கு முன்பே பின் ஷாக்கை விசாரியுங்கள்

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவர்கள் பெயின்ட், கியர், பிராண்டு என்று பார்க்கிறார்கள். நான் பின் ஷாக்கை முதலில் பார்க்கச் சொல்வேன். கியரை ஓசூரிலேயே மாற்றலாம். உதிரிபாகம் கிடைக்காத ஷாக் வந்து சேர்ந்தால் முழு வண்டியும் மூலையில் நிற்கும்.

விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள். ஷாக்கின் சீரியல் எண் தெரியும்படி ஒன்று, ஷாக் ஃப்ரேமில் இணையும் இரண்டு முனைகளும் தெரியும்படி ஒன்று, ஃப்ரேம் எண் தெரியும்படி ஒன்று. ஃப்ரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும், வண்டியைக் கவிழ்த்தால் தெரியும்.

ராக்‌ஷாக்ஸ் ஷாக் என்றால் சீரியல் எண்ணை அந்த நிறுவனத்தின் டிரெயில்ஹெட் பக்கத்தில் போட்டால் மாடல், ஆண்டு, சர்வீஸ் கையேடு, எந்த சீல் கிட் (மாற்று ரப்பர் சீல்கள்) வேண்டும் என்பது வரை வந்துவிடும். ஃபாக்ஸ் ஷாக்கில் நான்கு எழுத்து, எண் கலந்த குறியீடு ஒன்று ஒட்டியிருக்கும். அதை அவர்கள் தளத்தில் போட்டால் அதே விவரம் கிடைக்கும். சீல் கிட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு பெங்களூரு சர்வீஸ் கடைக்கு ஃபோன் போட்டு, ‘இது ஸ்டாக் இருக்கா, வர எத்தனை நாள் ஆகும், கூலி எவ்வளவு?’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

அடுத்து அளவு. ஷாக்கில் கண் முதல் கண் வரை (போல்ட் மாட்டும் இரு முனைகளுக்கு நடுவே) உள்ள நீளமும் ஸ்ட்ரோக்கும் (ஷாக் அமுங்கும் தூரம்) மி.மீ.யில் இரண்டு எண்களாக இருக்கும். 190×45, 210×50, 185×55 போன்றவை 2016-க்குப் பிறகு வந்த மெட்ரிக் அளவுகள். இந்த அளவில் மாற்று ஷாக் இன்னும் பல வருடம் கிடைக்கும். 200×57, 190×51 போன்ற பழைய அளவுகளும் ஓரளவு கிடைக்கின்றன, தேர்வுதான் குறைவு. சில நிறுவனங்கள் தங்கள் ஃப்ரேமுக்கென்றே தனி ஷாக் செய்யச் சொல்லி வாங்கியிருக்கின்றன. ஸ்பெஷலைஸ்டின் பிரெய்ன், ட்ரெக்கின் டி.ஆர்.சி.வி., ஸ்காட்டின் நியூட் ஆகியவை அந்த வகை. ஓட்டுவதற்கு அருமையானவை. ஆனால் குறைந்த பட்ஜெட்டில், பழைய வண்டியாக, தர்மபுரியில் வைத்துப் பராமரிக்க அவை தோதுப்படாது. மலிவாக வந்தால் அதனால்தான் மலிவு.

5. சக்கரம், ஆக்சில், சைஸ்

26 அங்குலச் சக்கரம் உள்ள பழைய ஃபுல் சஸ்பென்ஷன்கள் முப்பது, நாற்பதாயிரத்துக்கு விளம்பரத்தில் வரும். ஒரு காலத்தில் இரண்டு லட்சம் விற்ற வண்டி என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு நல்ல டயரும் ஃபோர்க்கும் இப்போது கிடைப்பது அரிது. 27.5 அல்லது 29 மட்டும் பாருங்கள்.

பின் ஆக்சில் 148×12 ‘பூஸ்ட்’, முன் ஆக்சில் 110×15 என்று இருந்தால் சக்கரம், ஹப் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். ஃப்ரேமின் கழுத்துக் குழாய் கீழே அகன்று, மேலே குறுகி இருக்க வேண்டும். இரண்டு முனையும் ஒரே தடிமனாக இருந்தால் பழைய ஃப்ரேம், புதிய ஃபோர்க் பெரும்பாலும் பொருந்தாது.

சைஸ் விஷயத்தில் ‘நான் 170, எனக்கு எம் சரி’ என்று விட்டுவிடாதீர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய எல் சைஸ், இன்றைய எம் அளவை விடக் குட்டையாக இருக்கும். தயாரிப்பாளரின் அளவு அட்டவணையில் ‘ரீச்’ என்ற எண்ணைத் தேடி, உங்களுக்கு வாட்டமாக இருக்கும் நண்பரின் சைக்கிளோடு ஒப்பிடுங்கள். சீட்டை ஏற்றி இறக்கலாம், ஃப்ரேம் நீளத்தை ஒன்றும் செய்ய முடியாது.

6. விளம்பரமும் அட்வான்சும்

நம் மாவட்டங்களுக்குள் இந்த வண்டிகள் விற்பனைக்கு வருவது குறைவு. பெங்களூருதான் சந்தை. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, தர்மபுரியிலிருந்து 130-க்கு மேல். நேரில் போய்ப் பார்க்கக் கூடிய தூரம் என்பதால், பார்க்காமல் வாங்க ஒரு காரணமும் இல்லை. சென்னையிலோ கோவையிலோ இருந்து லாரியில் அனுப்புகிறேன் என்றால் அந்த ஊரில் உங்களுக்கு நம்பிக்கையான ஆள் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை:

‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், அவசர டிரான்ஸ்ஃபர், வண்டியை பார்சலில் அனுப்பிவிடுகிறேன், பாதிப் பணம் போடுங்கள்’ என்று அடையாள அட்டைப் படத்தோடு வருவது பழைய மோசடி. இன்றும் நடக்கிறது. சந்தை விலையில் பாதிக்குப் புது வண்டி போல் ஒன்று தெரிந்தால் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள், வேறு நாட்டு விளம்பரத்தில் அதே படம் இருக்கும். கியூ.ஆர். ஸ்கேன் செய்தால் பணம் உங்களுக்கு வரும் என்று யாராவது சொன்னால் ஃபோனை வைத்துவிடுங்கள். யு.பி.ஐ. பின் எண் போடுவது பணம் கொடுக்கத்தான், வாங்குவதற்குத் தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

வண்டியை ஒதுக்கி வைக்க அட்வான்ஸ் கேட்டால் ஆயிரம், இரண்டாயிரம் என்று நேரில் பார்த்த பிறகு கொடுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்கு ஒப்புக்கொள்வார்.

7. நேரில் பார்க்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கையில் 4, 5, 6 எண் அலன் கீ, ஷாக் பம்ப், செயின் தேய்மானம் பார்க்கும் கேஜ், ஒரு பழைய துணி. ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள்.

முதலில் வண்டியைத் துடைக்கச் சொல்லுங்கள் அல்லது நீங்களே துடையுங்கள். மண் ஒட்டியிருந்தால் விரிசல் தெரியாது. ஃப்ரேமில் விரிசல் வரும் இடங்கள்: கழுத்துக் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் இடம், பிவட் துளைகளைச் சுற்றி, ஷாக் மாட்டும் இடம், சீட் குழாய் மேல் வெல்டிங். பெயின்டில் மெல்லிய கோடு தெரிந்தால் நகத்தால் தடவுங்கள். கோடு நகத்தில் தட்டினால் அது பெயின்டுக்கு அடியிலும் இருக்க வாய்ப்பு அதிகம். அலுமினிய ஃப்ரேமில் வெல்டிங் போட்டுச் சரிசெய்தது என்றால் வேண்டாம். கார்பன் ஃப்ரேம் மலிவாக வந்தால், அதைச் சோதிக்கத் தெரிந்த ஆள் கூட இல்லாமல் வாங்காதீர்கள்.

பிறகு ஆட்டம். சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தை மெல்ல ஒரு சென்டிமீட்டர் தூக்குங்கள். சக்கரம் கிளம்புவதற்கு முன்பே சீட் கொஞ்சம் மேலே வந்தாலோ, ‘டக்’ என்று கேட்டாலோ பிவட்டிலோ ஷாக் புஷ்ஷிலோ தேய்மானம் இருக்கிறது. அப்போது ஒரு கையால் ஷாக் முனையைத் தொட்டுக்கொண்டே தூக்கினால் எங்கே ஆடுகிறது என்று விரலுக்குத் தெரியும். புஷ் என்றால் சின்னச் செலவு.

அடுத்த சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை, ஆனால் அதில்தான் உண்மை தெரியும். விற்பவரிடம் அனுமதி கேட்டு, ஷாக்கின் ஒரு முனையில் உள்ள போல்ட்டைக் கழற்றுங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் பின் முக்கோணம் இப்போது தனியாக அசையும். கையால் மேலும் கீழும் நகர்த்துங்கள். வழவழப்பாக வந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது. நறநறவென்று வந்தாலோ ஓரிடத்தில் பிடித்தாலோ பேரிங்குகளை மாற்ற வேண்டும். இது வண்டியை வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஆகாது, விலையைக் குறைக்கக் காரணம். பிவட்டில் உள்ளவை 6902, 6900, 6800 போன்ற பொது அளவுப் பேரிங்குகளாக இருந்தால், தொழிற்பேட்டை ஊரான ஓசூரில் பேரிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அளவைச் சொல்லி இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேளுங்கள். பிவட்டுக்கென்று குண்டுகள் நெருக்கமாக நிறைத்த வகை ஒன்று உண்டு, அது கிடைத்தால் இன்னும் நாள் படும்.

போல்ட்டை மாட்டிவிட்டு ஷாக்குக்கு வாருங்கள். பளபளக்கும் தண்டில் நகம் சிக்கும் அளவு கீறல் இருக்கக் கூடாது. சீலுக்குப் பக்கத்தில் எண்ணெய் மெல்லிய படலமாக இருப்பது சாதாரணம், சொட்டினால் சீல் போயிருக்கிறது. உங்கள் எடைக்கு ஏற்றபடி காற்று ஏற்றி, தண்டில் உள்ள ரப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிட்டு மெதுவாக ஏறி உட்காருங்கள், துள்ளாமல் இறங்குங்கள். வளையம் எவ்வளவு நகர்ந்தது என்பதே ‘சேக்’. பின்னால் ஸ்ட்ரோக்கில் 25 முதல் 30 சதவீதம் வேண்டும். 50 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 12.5 முதல் 15 மி.மீ. வரை. முன் ஃபோர்க்கில் 15 முதல் 20 சதவீதம். அரை மணி நேரம் மற்றவற்றைச் சோதித்துவிட்டு மறுபடியும் சேக் பாருங்கள். அதிகமாகியிருந்தால் காற்று கசிகிறது. பம்பை மறுபடி மாட்டிப் பார்த்து எண் குறைந்திருக்கிறது என்று பயப்பட வேண்டாம், பம்ப் குழாய் நிரம்பக் கொஞ்சம் காற்று எப்போதும் போகும். அதனால்தான் வளையத்தை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

காற்று இருந்தும் ஷாக் பாதி அமுங்கியபடியே நின்றால் உள்ளே சீல் உடைந்திருக்கலாம். அதை அங்கேயே கழற்ற யாரையும் விடாதீர்கள். உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கும், முகத்தில் அடிக்கும். சர்வீஸ் கடைக்காரர் மட்டுமே தொட வேண்டும்.

லாக்கவுட்டை (ஷாக் அமுங்காமல் பூட்டும் விசை) போட்டுவிட்டுச் சீட்டை அழுத்துங்கள், கெட்டியாக நிற்க வேண்டும். அமுக்கி விடும்போது ‘சளக் சளக்’ சத்தம் கேட்டால் டேம்பர் எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது, முழு சர்வீஸ் கூலியை விலையிலிருந்து கழியுங்கள்.

மற்றவை சீக்கிரம் முடியும். கேஜில் செயின் 0.75 தாண்டினால் செயினோடு கேசெட்டும் (பின் பற்சக்கரத் தொகுதி) போயிருக்கும். சக்கரத்தைச் சுற்றி விட்டு ரிம் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பிரேக் லிவர் கைப்பிடி வரை இழுபட்டால் ஆயிலில் காற்று இருக்கிறது. இங்கே ஒரு விஷயம்: ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு டாட் 5.1. இரண்டையும் மாற்றி ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போகும். டூவீலர் ஸ்பேர் கடையில் கிடைப்பது டாட் வகை, அதை ஷிமானோவில் ஊற்ற எந்த மெக்கானிக்கையும் விடாதீர்கள்.

முடிந்தால் பணம் கொடுப்பதற்கு முன் வண்டியைப் பக்கத்தில் உள்ள நல்ல சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போய் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் செலவில் பல ஆயிரம் மிச்சமாகும்.

8. பில், எழுத்து, அடையாளம்

சைக்கிளுக்கு ஆர்.சி. கிடையாது. கடை கொடுத்த பில்தான் உரிமைக்கு ஒரே ஆவணம். பில்லில் ஃப்ரேம் எண் இருக்க வேண்டும், அது வண்டியில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்றால் வாங்கிய கடையில் நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள், மெயிலில் தேடச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் விற்பவர் அந்த வண்டியோடு இருக்கும் பழைய படங்களாவது வேண்டும். ஃப்ரேம் எண்ணைத் தேய்த்திருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், திருட்டு வண்டியாக இருக்கலாம்.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்குங்கள்: விற்பவர், வாங்குபவர் பெயர், முகவரி, வண்டியின் மாடல், நிறம், ஃப்ரேம் எண், ஷாக் சீரியல் எண், தொகை, தேதி, இருவர் கையெழுத்து. விற்பவரின் அடையாள அட்டை நகல் ஒன்று. பணத்தை யு.பி.ஐ.யிலோ வங்கி வழியாகவோ அனுப்பி, குறிப்பில் ஃப்ரேம் எண்ணைப் போடுங்கள். நாளை வண்டி திருட்டுப் போனால் ஸ்டேஷனில் புகார் எழுதி சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீது வாங்க இவை எல்லாம் கேட்பார்கள்.

வாரண்டி பற்றி விற்பவர் பெரிதாகப் பேசினால் நம்ப வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் ஃப்ரேம் வாரண்டியை முதல் உரிமையாளருக்கு மட்டுமே தருகின்றன. பேரிங், புஷ், சீல் போன்ற தேய்மானப் பொருட்கள் புது வண்டியிலும் அதில் சேராது.

9. ஊருக்குக் கொண்டுவருவது

கார் இருந்தால் இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பின் சீட்டில் வைத்துவிடலாம். சக்கரம் இல்லாமல் பிரேக் லிவரை அமுக்கக் கூடாது, பேட்கள் ஒட்டிக்கொள்ளும். பேட்களுக்கு நடுவில் மடித்த அட்டைத் துண்டு வையுங்கள்.

ரயில் என்றால் பெங்களூரு – ஓசூர் – தர்மபுரி – சேலம் பாதையில் பார்சலாகப் பதிவு செய்யலாம். அடையாள அட்டை, பில் நகல் கையில் இருக்கட்டும். எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் பார்சல் இறக்காது, அதனால் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பின் கியர் பாகத்தைத் துணியால் சுற்றுங்கள், கொண்டுவரும்போது அடிபடுவது அதுதான். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ரயில் நிலையம் இல்லை. பஸ் பார்சலோ நண்பரின் வண்டியோதான்.

10. எத்தனை நாள் ஆகும்

தேடத் தொடங்கி ஓட்டத் தொடங்குவது வரை இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான சைஸ் கிடைக்கவே நாலைந்து வாரம் ஆகலாம், சீல் கிட் வர இன்னும் இரண்டு மூன்று வாரம். புது வண்டி என்றால் வருடக் கடைசியில் பழைய மாடல் ஸ்டாக்கைக் கடைகள் தள்ளுபடியில் விடுவது வழக்கம், நிறத்தைப் பார்க்காதவர்களுக்கு நல்ல நேரம். நம் பக்கம் செப்டம்பர், அக்டோபர் மழையில் தடங்கள் சேறாகும். அந்த மாதங்களைச் சர்வீசுக்கு ஒதுக்கினால் ஓட்டும் நாள் வீணாகாது.

11. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு பிவட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது ஃப்ரேம் கையேட்டில் இருக்கும், பல போல்ட்டுகளின் மீதே நியூட்டன் மீட்டரில் எழுதியிருப்பார்கள். கை பலத்துக்கு முறுக்கினால் அலுமினியத் திருகு போய்விடும்.

டியூப்லெஸ் செய்துவிடுங்கள். சீமைக்கருவேல முள் நம் பாதைகளில் எங்கும் கிடக்கிறது, டியூப் போட்டு ஓட்டினால் பஞ்சர் ஒட்டியே பொழுது போகும். நம் வெயிலுக்குச் சீலன்ட் சீக்கிரம் காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும்.

செம்மண் தூசு சீல்களுக்கு எமன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஷாக் தண்டையும் ஃபோர்க் கால்களையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து பிரஷர் கன்னால் கழுவாதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் போய்த் துருப்பிடிக்கும். வாளித் தண்ணீர், பிரஷ் போதும்.

ஓட்டும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ராக்‌ஷாக்ஸ் தன் ஷாக்குகளுக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றறை சர்வீஸ் சொல்கிறது. வாரம் நாலு மணி நேரம் ஓட்டினால் மூன்று மாதத்தில் வந்துவிடும். ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம் என்கிறது. காற்றறை சர்வீஸை கையேடு பார்த்து வீட்டிலேயே பழகலாம், டேம்பரைத் தொடாதீர்கள்.

கடைசியாக, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். வண்டி பாறையில் சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான், கியரைக் காப்பாற்ற அப்படித்தான் செய்திருக்கிறார்கள். யு.டி.ஹெச். என்ற பொது வகை உங்கள் ஃப்ரேமில் இருந்தால் எங்கும் கிடைக்கும். இல்லையென்றால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வடிவம் வேறு. சரியான மாடலைக் கண்டுபிடித்து, வண்டி வாங்கிய வாரத்திலேயே இரண்டு ஆர்டர் போடுங்கள். ஒன்றை வீட்டில் வையுங்கள், இன்னொன்றை இரண்டு செயின் லிங்க், ஒரு ஜோடி பிரேக் பேடோடு சேர்த்து ஓட்டும் பையிலேயே போட்டு வையுங்கள். வத்தல்மலை உச்சியில் ஹேங்கர் உடைந்தால் அங்கே விற்கும் கடை இல்லை.